சொல்லாத நோய்

2022 ஆகஸ்ட் மாதம். எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் நாட்டைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்த காலம். என் இடது கன்னத்தின் உட்புறத்தில் இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்த புண்ணிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டின் பரிசோதனை முடிவு அன்றுதான் வந்தது. வைத்தியர் கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். அவர் வாய் திறக்கும் முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. இருபது வருடங்களுக்கு மேலாக விடைத்தாள் திருத்துபவன் நான். சித்தியடையாத பிள்ளையிடம் தாளை நீட்டும்போது ஆசிரியரின் முகம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வகை இதுதான். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் இராப் படிப்புக்குத் துணையாகத் தொடங்கிய வெற்றிலை, இருபது வருடமாக என்னை விடவில்லை. புகையிலை சேர்க்காவிட்டால் குற்றமில்லை என்று எண்ணியிருந்தேன். புகையிலை சேராத வெற்றிலையும் பாக்குங்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003ஆம் ஆண்டிலேயே முடிவுசெய்திருந்தது. சுகாதார பாடம் படிப்பிக்கும் எனக்கு அது தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் தெரியாதவன் போல இருந்தேனா என்று இன்றைக்கும் என்னால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

அன்று தொடக்கம் பதினேழு நாட்கள், மனைவியைத் தவிர வேறு எவருக்கும் நான் சொல்லவில்லை. பாடசாலைக்குப் போனேன். படிப்பித்தேன். பல்லுக்கு மருந்து கட்டியிருப்பதாகச் சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதினேழு நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நோய்வாய்ப்பட்டவன் அதைத் தன் நண்பர்களிடமிருந்து மறைப்பது நற்குணமா? நம் ஊர்களில் அதை நற்குணமென்றே கொள்கின்றோம். நானும் அப்படித்தான் கொண்டிருந்தேன்.

மறைப்பதற்கு என்னிடம் நான்கு காரணங்கள் இருந்தன. நோயைச் சொல்லித் திரிவது ஸபருக்கு முரண் என்பது ஒன்று. நண்பர்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவது, பத்தொன்பது வயது மகளுக்கு வந்திருந்த கலியாணப் பேச்சு. நான்காவதை அன்று எனக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது வெட்கம். வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு பிள்ளைகளுக்குச் சுத்தத்தைப் பற்றிப் படிப்பித்தவன், கடைசியில் அந்த வாயிலேயே மாட்டிக்கொண்டான் என்று ஊர் பேசுமே என்ற வெட்கம்.

*

முதலாவது காரணத்தை எடுத்துக்கொள்வோம். யஃகூப் நபி (அலை) அவர்கள் தமது துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறியதைத் திருக்குர்ஆனின் சூரா யூசுபில் காண்கின்றோம். நான் இதனைப் பற்றிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் யாரிடம் சொன்னார்கள்? தம் பிள்ளைகளிடந்தான். மகனை நினைத்து அழுது கண்கள் வெளுத்துப்போன தகப்பனின் துயரம் வீட்டார் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. துயரத்தை அவர்கள் மறைக்கவில்லை. தீர்வு கேட்கும் இடத்தைத்தான் ஒன்றாக வைத்துக்கொண்டார்கள்.

இமாம் புகாரி அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பில் நோயாளிகளுக்கென்று தனிப் பகுதியொன்றை ஒதுக்கியுள்ளார்கள். அதில் ஒரு பாடத்தின் தலைப்பே, தனக்கு நோகின்றது என்று சொல்ல நோயாளிக்கு அனுமதி உண்டு என்பதைப் பற்றியது. ஐயூப் நபி (அலை) அவர்களின் முறையீட்டையும் இமாமவர்கள் அத்தலைப்பிலேயே சேர்த்திருக்கின்றார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தலைவலியால் வாய்விட்டு அரற்றியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல், தமக்கும் தலை வலிப்பதாகச் சொன்னதும் அங்கே பதிவாகியுள்ளன. கடுங்காய்ச்சலில் கிடந்த நபியவர்களைத் தொட்டுப் பார்த்த இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள், உங்களுக்குக் காய்ச்சல் கடுமையாக உள்ளதே என்றபோது, ஆம், உங்களில் இருவர் படும் வேதனையை நான் படுகின்றேன் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். 'ஒன்றுமில்லை, சும்மா உடம்பு காய்கிறது' என்று மழுப்பவில்லை.

ஆகவே அறிவித்தல் வேறு, முறைப்பாடு வேறு. 'எனக்கு இப்படியொரு நோய் வந்துள்ளது' என்பது அறிவித்தல். 'எனக்கு ஏன் இப்படிச் செய்தான்?' என்பது முறைப்பாடு. ஒரு மனிதன் இரண்டாவதை வாயால் சொல்லாமலே நெஞ்சுக்குள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தப் பதினேழு நாட்களில் நான் செய்தது அதைத்தான். வெளியில் மௌனம், உள்ளே ஓயாத முறைப்பாடு. அதற்கு ஸபர் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

*

இரண்டாவது காரணம் பலமானது. நண்பனை நேசிப்பவன் அவனுடைய நெஞ்சில் பாரத்தை ஏற்றலாமா? இக்கேள்வி மிகப் பழையது. கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தமது நிக்கோமக்கேய அறவியலின் ஒன்பதாம் பாகத்தில், நண்பர்கள் நமக்கு அதிகம் வேண்டப்படுவது நல்ல காலத்திலா கெட்ட காலத்திலா என்று ஆராய்கின்றார். நண்பனின் முகத்தைக் காண்பதே துயரத்தைக் குறைக்கும் என்பதை ஏற்கும் அவர், அதேவேளை திடமான மனிதன் தன் துன்பத்தில் பிறரைப் பங்காளியாக்கத் தயங்குவான் என்கின்றார். நல்ல செய்திக்கு நண்பர்களை விரைந்து அழைக்க வேண்டும், துன்பத்துக்கு அழைக்கத் தயங்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. நண்பன் துன்பத்திலிருக்கும்போது அழைப்பை எதிர்பாராமல் தானாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கின்றார்.

இந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரியும். அழைக்காமல் நண்பன் வர வேண்டுமானால், துன்பம் வந்திருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே சதுக்கத்தில் நாளாந்தம் முகம் பார்த்த சிறிய நகரத்தில் அது தானாகவே தெரிந்துவிடும். மனைவியையும் தடுத்து, பொய்யும் சொல்லி மறைப்பவனிடம் நண்பன் எப்படித் தானாக வருவான்?

ஆடை நழுவும்போது கை தானாகப் போய்ப் பிடிப்பதை வள்ளுவர் நட்புக்கு உவமையாக்கினார். விசுவாசிகள் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோகும்போது மற்ற உறுப்புகள் காய்ச்சலிலும் விழிப்பிலும் அதனோடு பங்குகொள்கின்றன என்ற கருத்தை நபிமொழியில் காண்கின்றோம். இரண்டுமே உடலைப் பற்றிய உவமைகள். உடலில் கையை யாரும் அழைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் உடலில் செய்தி மறைக்கப்படுவதுமில்லை. உணர்ச்சி செத்துப்போன இடத்தில் நெருப்புச் சுட்டாலும் கை அசையாது. அது கையின் குற்றமல்ல.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் குத்ஸி ஒன்றை நம்மில் பலர் ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டிருப்போம். நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று மறுமையில் அல்லாஹ் அடியானிடம் கேட்பான். அகிலங்களின் இறைவனாகிய உன்னை நான் எப்படி நோய் விசாரிப்பது என்று அடியான் திகைப்பான். என் அடியான் இன்னவன் நோயுற்றிருந்தது உனக்குத் தெரியாதா, அவனைப் பார்க்கப் போயிருந்தால் என்னை அவனிடத்தில் கண்டிருப்பாயே என்று அல்லாஹ் கூறுவான். எத்தனையோ முறை கேட்ட இந்தச் செய்தியில், விசாரணை முழுவதும் 'தெரியாதா' என்ற ஒரு சொல்லில் தங்கியிருப்பதை நோய் வந்த பிறகுதான் கவனித்தேன். தெரிந்தவன்தான் பொறுப்பாளி. நான் மறைத்தால் என் நண்பன் பொறுப்பிலிருந்து தப்பிவிடுவான். ஆனால் அங்கே அவன் கண்டிருக்கக்கூடியதையும் நான் பறித்தவனாவேன். அவனுக்குச் சேர வேண்டிய ஒரு நன்மையை அவனைக் கேளாமலே வேண்டாமென்று சொல்லிவிடும் உரிமையை எனக்கு யார் தந்தது?

*

பதினேழாம் நாள் மாலை படுவான்கரையிலிருந்து என் நண்பன் வந்தான். ஆசிரியர் கலாசாலையில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். எங்கள் கிராமம் எழுவான்கரையில், மண்முனைத் துறைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவன் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்து வருவான். அதற்கும் முன்னர், 2007 வரை, அக்கரை ஓர் ஆட்சி, இக்கரை ஓர் ஆட்சி. 1990இன் பின்னர் எங்கள் குடும்பத்துக்கு அக்கரையிலிருந்த வயல் இல்லாமல் போனது. வயல் பார்க்கப் போன என் மாமா திரும்பி வரவில்லை. அவனுடைய குடும்பத்திலும் திரும்பி வராதவர்கள் உண்டு. இவற்றைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் விரிவாகப் பேசியதில்லை. பேசாமலே இருபது வருடம் நண்பர்களாக இருந்துவிட்டோம்.

தொலைபேசியில் என் குரல் ஒரு பக்கமாக இழுபடுவதைக் கவனித்துத்தான் வந்திருந்தான். அந்நாட்களில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர் பெற்றோல்தான். அதை எனக்காக எரித்துக்கொண்டு வந்தவனிடம் பல்வலி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

கொஞ்ச நேரம் வாவிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"எப்ப தெரியும் உனக்கு?"

"பதினேழு நாள்."

"பதினேழு நாளா மச்சான்? நான் என்ன அவ்வளவு ஏலாதவனா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அவனைக் கவலையிலிருந்து காப்பாற்றுவதாக எண்ணியிருந்தேன். அவனுக்கு அது, இந்தப் பாரத்தைத் தூக்க உனக்குத் தோள் இல்லை என்று நான் சொன்னதாகக் கேட்டிருக்கின்றது. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. நாம் கெட்ட செய்தியை மறைப்பது யாரிடம்? சிறு பிள்ளைகளிடம். நாற்பத்தைந்து வயது மனிதனிடம் மறைத்தால் அவனைப் பிள்ளையாக்கிவிட்டோம் என்றுதானே பொருள்.

உம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அதுவரை உம்மாவுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு சொன்னேன்.

*

மறைத்தல் நம் ஊரின் பழக்கம் மட்டுமல்ல. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் வைத்தியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், புற்றுநோய் என்று நோயாளிக்குச் சொல்வதில்லை என்பதே நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் நிலைப்பாடாக இருந்தது. 1979இல் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருடத்தில் ஒரு நாட்டின் வைத்திய ஒழுக்கம் தலைகீழாகியிருந்தது. சூசன் சொன்டாக் என்ற எழுத்தாளர் புற்றுநோயைச் சூழ்ந்திருந்த கூச்சத்தையும் கற்பனைகளையும் சாடி 1978இல் ஒரு நூல் எழுதினார். தமக்கு மார்பகப் புற்றுநோய் வந்த பின்னர் எழுதிய நூல் அது. ஆயினும் தம் நோயைப் பற்றி அதில் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. வெட்கத்தை எதிர்த்து எழுதியவருக்கே சொல்வது அத்தனை எளிதாக இருக்கவில்லை போலும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

நம் பக்கத்தில் இன்னும் பல குடும்பங்கள் நோயாளிக்கே சொல்வதில்லை. என் வாப்பாவின் தம்பி, நான் சாச்சா என்று அழைத்தவர், வயிற்றில் புற்றுநோயோடு ஒன்பது மாதம் கிடந்தார். 'அல்ஸர்' என்றே அவரிடம் சொல்லிவைத்தோம். சொல்லிவைத்தவர்களில் நானும் ஒருவன். ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள், அவர் வாங்கியிருந்த ஒரு கடனுக்காக ஒருவர் வந்தார். ஒரு காணித் துண்டு யாருக்கு என்பதில் இரண்டு பிள்ளைகள் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. மரண சாசனமாகச் சொல்ல ஏதுமுள்ள முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கலாகாது என்ற கருத்துப்பட நபிமொழி உண்டு. நாங்கள் சாச்சாவுக்கு இருநூற்று எழுபது இரவுகள் கிடைத்தும், அவற்றைப் பயன்படுத்த விடவில்லை. யாரிடமாவது மாப்புக் கேட்க அவர் விரும்பியிருப்பார். அன்பினால்தான் மறைத்தோம். அன்பினால் செய்ததென்பதற்காக அது சரியாகிவிடாது.

*

இனி மூன்றாவது காரணம். இங்கேதான் எனக்குச் செலவானது.

எங்கள் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மகளின் வீடு அப்போது சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். என் மனைவி சொன்னா: "நிக்காஹ் முடியட்டும். அதுக்குப் பொறகு ஊருக்கே செல்லுங்க." அவ சொன்னதில் நியாயம் இருந்தது. நோய் எனக்கு, மகளுக்கல்ல. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டா?

நண்பர்களுக்குச் சொல்வதும் இவர்களுக்குச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கின்றேன். மாப்பிள்ளை வீட்டார் என் உடலைப் பற்றி அறிய உரிமையுள்ளவர்களல்லர். ஆனால் குறிப்பிட்ட மாதத்தில் வீட்டை முடித்துத் தருவேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை நிறைவேற்ற முடியாமல் போகலாம் என்று எனக்குத் தெரிந்த பின்பும், தெரியாதவன் போல நிற்பது ஏமாற்று. விற்கும் பொருளின் குறையை மறைப்பதைத் தடுத்த மார்க்கம், வாக்கின் குறையை மறைப்பதை அனுமதிக்குமா? நான் போய்ச் சொன்னேன். துஆச் செய்தார்கள். ஹதியாவாக ஒரு தொகையும் கையில் வைத்தார்கள். அதன் பின்னர் அந்தப் பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, அவர்களும் சொல்லவில்லை. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவிக்கு என் மீது அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதை எழுதுவதன் காரணம், உண்மை சொன்னவனுக்கு எல்லாம் கைகூடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே. சரியானதைச் செய்து நட்டப்படுவதும் உண்டு. அந்த நட்டத்தின் பெரும்பகுதி என் மகளுடையது. அவளைக் கேட்காமலே நான் அதைச் செய்தேன். அவளிடம் முதலில் பேசியிருக்க வேண்டும். அந்த விடயத்தில் நான் தவறினேன்.

*

நண்பர்களுக்குத் தெரிந்த பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். கன்னத்திலும் கழுத்திலும் சத்திரசிகிச்சை முடிந்ததும், கதிர்ச் சிகிச்சைக்காக மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போனேன். கிழமையில் ஐந்து நாள் வீதம் ஆறு கிழமை. தலை அசையாதிருக்க முகத்தின் அளவுக்கே வார்த்தெடுத்த மூடியை மாட்டி, மேசையோடு பூட்டிவிடுவார்கள். சில நிமிடந்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் மனிதன் தனியன்.

கலாசாலை நண்பர்கள் ஆறு பேர் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு கிழமை. லீவு போட்டுவிட்டு இரவு பஸ்ஸில் வந்து, வைத்தியசாலைக்குப் பக்கத்தில் எடுத்திருந்த சிறிய அறையில் என்னோடு தங்குவார்கள். வாய் முழுவதும் புண்ணாகிக் கஞ்சியும் இறங்காத நான்காவது கிழமை, படுவான்கரை நண்பனின் முறை. கஞ்சியைத் துணியில் வடித்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினான். பெரும்பாலும் பேசமாட்டான். பேசியதெல்லாம் அவன் வேளாண்மையைப் பற்றியும், யானை புகுந்ததைப் பற்றியுந்தான். மற்றவர்கள் பலர் என்னிடம் வந்து தைரியம் சொன்னார்கள், மருந்து சொன்னார்கள், யாரோ ஒருவர் இலைச்சாறு குடித்துக் குணமான கதை சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்னவைதான். ஆனால் எனக்கு அதிகம் உதவியது யானைக் கதை. அதைக் கேட்ட நேரத்தில் நான் நோயாளியாக இருக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் பத்து ஆசிரியர்கள் சேர்ந்து மாதம் பத்தாயிரம் ரூபா சீட்டுப் பிடித்து வந்தோம். அந்த மாதம் ஒரு லட்சம் எடுக்க வேண்டியவர் ஓர் இளம் ஆசிரியை. அவருடைய கிணற்றுக்காகக் காத்திருந்த பணம். அதை என் பெயருக்கு மாற்றிவிட்டு, "ஸேர், உங்கட முறையை நான் எடுக்கிறன்" என்று மட்டும் சொல்லியனுப்பினார். என் முறை ஏழு மாதத்துக்குப் பின்னர்.

அந்தப் பணத்தைக் கையில் வாங்கியபோது நான் அழுதேன். நன்றியால் மட்டும் வந்த அழுகையல்ல. வெட்கமும் கலந்திருந்தது. கொடுப்பதற்குப் பழகிய மனிதனுக்கு வாங்குவது எத்தனை கடினம்! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சகோதரத்துவத்தின் கடமைகளை விளக்கும்போது, செல்வத்தைக் கொண்டு உதவுவதை மூன்று படிகளாகப் பிரிக்கின்றார்கள். தன்னிடம் மிஞ்சியதைக் கொடுப்பது கீழ்ப்படி. சகோதரனைத் தன்னைப் போலவே கருதிப் பாதி கொடுப்பது நடுப்படி. தன் தேவையை ஒதுக்கிவிட்டு அவன் தேவையை முற்படுத்துவது மேற்படி. கீழ்ப்படியிலேயே, அவன் வாய்திறந்து கேட்கும் நிலைக்கு விடுவது சகோதரத்துவத்தில் பெருங்குறை என்கின்றார்கள். அந்த ஆசிரியை என் வயதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர். மேற்படியில் நின்றார். நான் மேற்படியில் ஒருநாளும் நின்றதில்லை என்பது அப்போது எனக்கு உறைத்தது. என் வெட்கத்தின் மூலம் அதுதான்.

பெற்றுக்கொள்ள மறுப்பவன் பெருமைக்காரன் என்று சட்டென்று சொல்லிவிட நான் தயாரில்லை. கடன்பட்டு வாழக் கூடாதென்ற தன்மானம் ஏழைகளின் சொத்து. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமையை என் நண்பர்களுக்கு மகிழ்ச்சியோடு கொடுக்கும் நான், அவர்களிடமிருந்து வாங்க மறுத்தால், எங்களுக்குள் நான் எப்போதும் மேலே, அவர்கள் எப்போதும் கீழே என்றாகிவிடும். அது நட்பாகாது, தருமமாகத்தான் இருக்கும்.

*

வராதவர் ஒருவரும் உண்டு. என் பழைய நண்பர். பெரிய இலக்கிய வாசகர். தெரிந்திருந்தும் வரவில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் என்னைக் கண்டு மறுபக்கம் திரும்பிப் போனார். என் மனம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் 2011ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. எங்கள் பாடசாலையின் மூத்த ஆசிரியர் ஒருவர் தொண்டைப் புற்றுநோயோடு வீட்டில் கிடந்தார். அவரைப் பார்க்கத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவருடைய ஒழுங்கை முனைவரை போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயமாகவும் இருந்தது. திரும்பிவிட்டேன். தோடம்பழத்தை என் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்றிருக்க அவர் மௌத்தாகிவிட்டார். நான் வராததை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று இனி எந்த வழியிலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆகவே கடைத்தெருவில் திரும்பிப் போனவரைக் குற்றஞ்சாட்டும் தகுதி எனக்கில்லை. நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "வாங்க, நோயைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. புத்தகம் ஒன்று வேணும்" என்றேன். இரண்டு கிழமை கழித்து வந்தார். நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு முறையாவது வருகின்றார்.

*

எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா என்றால், இல்லை. நோய் என்னுடையது, அதன் செய்தியும் என்னுடையது. ஒருவர் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. சொல்பவன் அக்கம்பக்கம் பார்க்கும் அந்தப் பார்வையே 'இது உன்னோடு இருக்கட்டும்' என்பதற்குப் போதும். நோயாளியின் செய்தியைச் சந்தியில் வைத்துப் பேசுபவர்கள், விசாரிக்கப் போகாதவர்களை விட அதிகம் நோகடிக்கின்றார்கள்.

ஊரறியச் சொல்வதும் சிலருக்கு இயலும். 2016ஆம் ஆண்டு கதீஜா பவுண்டேசனின் எம்.எஸ்.எச். முஹம்மத் அவர்கள், தம் மகன் மஹரகமவில் சிகிச்சை பெற்ற அனுபவத்தை நாடறியச் சொல்லி, அவ்வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க இருபது கோடி ரூபாவுக்கு மேல் மக்களிடம் திரட்டியதை நாம் அறிவோம். எல்லாச் சமூகத்தவரும் அதற்குக் கொடுத்தார்கள். 2011இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைவதற்காகத் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தார்கள். இத்தகைய காரியங்கள், யாரோ ஒருவர் முதலில் வாய் திறந்ததால் நடந்தவை. ஆனால் எல்லோரும் அப்படித் திறக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஒரு நண்பனிடம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கின்றேன்.

நான்காவது காரணமான வெட்கத்துக்கு என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். அது இன்னும் முற்றாகப் போகவில்லை. நோய்க்குப் பின் பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையொன்று எழும்பி, "ஸேர், ஏன் ஒரு பக்கத்தால கதைக்கிறீங்க?" என்று கேட்டது. மற்றப் பிள்ளைகள் அதனை இழுத்து இருத்தப் பார்த்தார்கள். நான் வெற்றிலையைப் பற்றிச் சொன்னேன், புண்ணைப் பற்றிச் சொன்னேன், வெட்டியதைச் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. அடுத்த நாள் ஒரு பிள்ளை என்னிடம் வந்து, தன்னுடைய மூத்தாப்பாவின் வாய்க்குள்ளும் வெள்ளையாக ஒன்று இருக்கிறது என்றது. அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனேன். முதலில் அவர் கோபப்பட்டார். மறு கிழமை என்னோடு பல் வைத்தியரிடம் வந்தார்.

எனக்கு இப்போதும் குறித்த காலத்துக்கொரு முறை கிளினிக் இருக்கின்றது. ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் போகின்றேன். வைத்தியர் விளக்கடித்து வாய்க்குள் பார்க்கும் அந்த நேரம் நீண்டதுதான். முன்பு அந்தத் தேதியை யாருக்கும் சொல்லமாட்டேன். இப்போது முதல் நாள் இரவே படுவான்கரைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுகின்றேன். காலையில் அவன் பாலத்தைக் கடந்து வந்து, எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோன் அடிக்கின்றான். உம்மா தேத்தண்ணியோடு நிற்கிறா. குடித்துவிட்டுத்தான் புறப்படுகின்றோம்.